பம்பருக்கு வக்கீல் வேண்டாம், அத்தையின் மணிக்கட்டுக்கு வேண்டியிருக்கும்

கேள்வி: வக்கீல் அண்ணாச்சிக்கு வணக்கம். வீரவநல்லூரிலிருந்து எழுதுகிறேன். பதினோரு நாளைக்கு முன்னால் என் மாமியாரைக் கூட்டிக்கொண்டு நெல்லையப்பர் கோவிலுக்குக் காரில் கிளம்பினேன். நான்தான் ஓட்டினேன். சுத்தமல்லி விலக்குக்குப் பக்கத்தில் மாடு குறுக்கே வந்ததால் பிரேக் போட்டேன். நயினார்குளம் மார்க்கெட்டுக்கு வாழைத்தார் ஏற்றிக்கொண்டு பின்னால் வந்த குட்டியானை இடித்துவிட்டது. பம்பர், டிக்கி கதவு, பின்விளக்கு எல்லாம் போயிற்று. ஒர்க்‌ஷாப்பில் 38,000 ரூபாய் எஸ்டிமேட். எனக்குக் காயம் இல்லை. முன்சீட்டில் இருந்த அத்தை கையை ஊன்றியதில் வலது மணிக்கட்டு வீங்கிவிட்டது. எக்ஸ்ரே எடுக்கவில்லை, நாட்டு வைத்தியரிடம் பற்றுப்போட்டுக் கட்டியிருக்கிறோம். வீக்கம் வடிந்தும் வலி போகவில்லை, பீடி சுற்ற முடியவில்லை. ஸ்டேஷனில் "பேசி முடிச்சுக்கோங்க" என்றார்கள், நாங்களும் எழுதிக் கொடுக்கவில்லை. வண்டி ஓனர், டிரைவருக்குச் சரக்கு வண்டி ஓட்டுகிற பேட்ஜ் இல்லை, இன்சூரன்ஸில் ஒன்றும் கிடைக்காது, 15,000 தருகிறேன், பத்திரத்தில் கையெழுத்துப் போடுங்கள் என்கிறார். இன்னொருவர் வீட்டுக்கே வந்து, கேஸ் போட்டு லட்சக்கணக்கில் வாங்கித் தருகிறேன், முப்பது சதவீதம் கொடுங்கள் என்கிறார். அத்தையோ அந்த டிரைவர் பையன் பாவம், கேஸே வேண்டாம் என்கிறார். வீட்டுக்காரர் துபாயில் இருக்கிறார். இவ்வளவு சின்ன விபத்துக்கு வக்கீல் வைக்க வேண்டுமா? எஸ்டிமேட், பாலிசி, பத்திரத்தின் படம் மூன்றையும் அனுப்பியிருக்கிறேன்.

பதில்: தங்கச்சி, அந்தப் பத்திரத்தில் இன்னும் கையெழுத்துப் போடவில்லை என்பதைப் படித்ததும் எனக்குப் பாதி நிம்மதி வந்தது. தொடர்ந்து போடாமலே இருங்கள். அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஆறாவது வரியில் "மேற்படி விபத்து தொடர்பாக வாகனச் சேதம், உடல் காயம் மற்றும் எவ்வித நஷ்ட ஈடும் இனி எக்காலத்திலும் கோர மாட்டோம்" என்று இருக்கிறது. "கோர மாட்டோம்" என்ற பன்மையைக் கவனியுங்கள். உங்கள் பெயருக்குக் கீழே அத்தையின் பெயரையும் டைப் செய்து, கைநாட்டுக்கு இடம் விட்டிருக்கிறார்கள். கார் பம்பருக்குக் கொடுக்கிற பதினைந்தாயிரத்தை வைத்து அத்தையின் கைக்கும் சேர்த்து முடித்துக்கொள்ளப் பார்க்கிறார் ஓனர். அவரைக் கெட்டவர் என்று சொல்லவில்லை. யாரோ அவருக்கு எழுதிக் கொடுத்திருப்பார்கள். ஆனால் ஒரு அம்மாவின் மணிக்கட்டு என்ன ஆயிற்று என்று டாக்டருக்கே தெரியாத நிலையில் அதற்கு விலை பேசுவது சரியில்லை.

உங்கள் கேள்விக்கு நேராக வருகிறேன். காருக்கு வக்கீல் தேவையில்லை. அத்தையின் கைக்கு வக்கீல் வேண்டுமா என்பதை எக்ஸ்ரே சொல்லும். விபத்து சின்னதா பெரிதா என்று வண்டியைப் பார்த்து நாம் முடிவு செய்துவிடுகிறோம். பாளையங்கோட்டை கோர்ட்டில் இத்தனை வருஷமாகப் பார்க்கிறேன். வண்டியில் கீறல்கூட விழாத விபத்தில் கை கால் விளங்காமல் போனவர்களும் உண்டு, கார் அப்பளமாக நொறுங்கியும் காயமில்லாமல் இறங்கி வந்தவர்களும் உண்டு.

முதலில் காரை முடித்துவிடுவோம். உங்களுடையது முழு பாலிசி. நாலு வருஷம் கிளெய்ம் இல்லாததால் 45 சதவீதம் நோ கிளெய்ம் போனஸ், அதாவது பிரீமியத்தில் தள்ளுபடி, ஏறியிருக்கிறது. கிளெய்ம் போட்டால் அது போய்விடுமே என்றுதான் பலரும் கையிலிருந்து செலவழிக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். உங்கள் பாலிசியில் சொந்த வாகனச் சேதத்துக்கான பிரீமியம், போனஸ் கழிப்பதற்கு முன்னால், சுமார் 8,000 ரூபாய். கிளெய்ம் போடாவிட்டால் அடுத்த வருஷம் 50 சதவீதம் தள்ளுபடி; அதற்கு மேல் ஏறாது. போட்டால் பூஜ்யத்திலிருந்து தொடங்கி 20, 25, 35, 45 என்று மறுபடி படியேற வேண்டும். பிரீமியம் இதே அளவில் இருக்கும் என்று வைத்துக்கொண்டால் வித்தியாசம் முதல் வருஷம் 4,000, பிறகு 2,400, 2,000, 1,200, 400. ஐந்து வருஷத்தில் மொத்தம் 10,000 ரூபாய்.

இனி எஸ்டிமேட். பம்பர் 6,000, பின்விளக்கு 4,000, டிக்கி கதவு 12,000, கூலியும் பெயின்ட்டும் 16,000. பிளாஸ்டிக் சாமானுக்கு இன்சூரன்ஸ்காரர்கள் பாதிதான் கொடுப்பார்கள். உங்கள் கார் நாலு வருஷத்தைத் தாண்டியது, ஆகவே இரும்புப் பாகத்தில் 35 சதவீதம் தேய்மானம் கழிப்பார்கள். அந்தக் கழிவு 9,200. கட்டாயமாக நீங்கள் ஏற்க வேண்டிய முதல் 1,000 ரூபாயையும், பெயின்ட்டில் கழிகிற கொஞ்சத்தையும் சேர்த்தால் உங்கள் கையிலிருந்து பத்து, பதினோராயிரம் போகும். போனஸ் நஷ்டத்தையும் கூட்டினால் இருபத்தோராயிரம். ஓனர் தருகிற 15,000-ஐ வாங்கிக்கொண்டு நீங்களே வேலை பார்த்தால் கையிலிருந்து போவது 23,000. இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். அப்படியிருக்க, எதற்காக ஒரு விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டும்?

ஆகையால் உங்கள் சொந்த பாலிசியிலேயே கிளெய்ம் போடுங்கள். பதினோரு நாள் ஆகிவிட்டது, இன்றைக்கே கம்பெனிக்குப் போன் செய்து நடந்ததை நடந்தபடி சொல்லி, கிளெய்ம் நம்பர் வாங்கிவிடுங்கள். சர்வேயர் வந்து பார்க்கும் வரை ஒர்க்‌ஷாப்பில் ஒரு போல்ட்டைக்கூடக் கழற்ற விடாதீர்கள். பின்னால் இடித்த வண்டி எது, ஓனர் யார் என்பதைக் கிளெய்ம் படிவத்தில் தெளிவாக எழுதுங்கள். ஓனரிடமும் காசு வாங்கி, கம்பெனியிடமும் முழுத்தொகை வாங்குவது கூடாது. கம்பெனி உங்களுக்குக் கொடுத்ததை அந்த வண்டிக்காரரிடம் திருப்பிக் கேட்கிற உரிமை கம்பெனிக்கு உண்டு; நீங்கள் அவருக்கு விடுதலை எழுதிக் கொடுத்துவிட்டால் அந்த உரிமையைக் கெடுத்ததாக ஆகிவிடும். கழிவில் போன தொகையை மட்டும் ஓனர் தானாகக் கொடுக்க முன்வந்தால், "வாகனப் பழுதில் இன்சூரன்ஸ் கொடுக்காத பகுதிக்கு மட்டும்" என்று எழுதிய ரசீதின் பேரில் வாங்கலாம், கம்பெனிக்கும் சொல்லிவிட வேண்டும்.

கிளெய்மில் கம்பெனி இழுத்தடித்தாலும் உடனே வக்கீலைத் தேட வேண்டாம். கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தியில்லை என்றால் சென்னையில் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன் என்ற குறைதீர்ப்பாளர் இருக்கிறார். கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை. இந்தத் தொகைக்கு அது போதும். ஓனரின் இன்சூரன்ஸ் மேல் கார் சேதத்துக்காக மட்டும் மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் வழக்குப் போடலாமா என்று கேட்டால், சட்டத்தில் இடம் உண்டு. ஆனால் 38,000 ரூபாய்க்காக வருஷக்கணக்கில் நீங்கள் அலைவதை நான் விரும்பமாட்டேன்.

இப்போது அத்தையின் கை.

நாளைக் காலையிலேயே பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். நாட்டு வைத்தியரைக் குறை சொல்லவில்லை, நம் பக்கத்தில் அவர்கள் கட்டி நிமிர்ந்த கைகள் எத்தனையோ. ஆனால் உள்ளே எலும்பில் கீறல் இருக்கிறதா என்று கட்டு சொல்லாது. மணிக்கட்டில் உள்ள ஒரு சின்ன எலும்பில் விழுகிற கீறல் முதல் எக்ஸ்ரேயில் தெரியாமல், பத்துப் பதினான்கு நாள் கழித்து எடுக்கிற எக்ஸ்ரேயில் தெரிவதும் உண்டு. வீக்கம் வடிந்தும் வலி நிற்கவில்லை, பீடி சுற்ற முடியவில்லை என்று நீங்கள் எழுதியிருப்பது எனக்குக் கவலை தருகிறது. கேஸ் போடுகிறீர்களோ இல்லையோ, இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

ஆஸ்பத்திரியில் "என்ன ஆச்சு?" என்று கேட்பார்கள். போலீஸ் கேஸாகிவிடும் என்று பயந்து நம் ஆட்கள் "வீட்டுல வழுக்கி விழுந்துட்டேன்" என்று சொல்லிவிடுகிறார்கள். பல வழக்குகள் அந்த ஒரு வரியில்தான் செத்துப்போகின்றன. இன்ன தேதியில், இன்ன இடத்தில், காரில் போகும்போது பின்னால் குட்டியானை இடித்தது, இத்தனை நாள் நாட்டு வைத்தியம் பார்த்தோம் என்று உள்ளதைச் சொல்லுங்கள். அதை ஆக்சிடென்ட் ரிஜிஸ்டரில் பதிவு செய்வார்கள். அந்த ஏ.ஆர். காப்பி, ஓ.பி. சீட்டு, எக்ஸ்ரே ஃபிலிம், மருந்துக்கடை பில், ஆட்டோவுக்குக் கொடுத்தது வரை எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு வையுங்கள். நாட்டு வைத்தியரிடமும் எந்தத் தேதியில் கட்டுப் போட்டார் என்று ஒரு சீட்டு எழுதி வாங்குங்கள்.

அங்கிருந்து நேராக, விபத்து நடந்த இடத்துக்குரிய காவல் நிலையத்தில் எழுத்துமூலம் புகார் கொடுங்கள். ஏன் இத்தனை நாள் தாமதம் என்பதையும் புகாரிலேயே மறைக்காமல் எழுதுங்கள்: பேசி முடித்துக்கொள்ளச் சொன்னார்கள், வலி குறையவில்லை என்பதால் இப்போது கொடுக்கிறோம் என்று. சிகிச்சையைப் பார்ப்பதா, ஸ்டேஷனுக்கு ஓடுவதா என்று நிற்கிற குடும்பத்திடம் மணிக்கணக்கு கேட்கக்கூடாது, தாமதத்தை மட்டுமே காரணமாக வைத்து இழப்பீட்டை மறுக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2011-லேயே சொல்லியிருக்கிறது. குறைந்தபட்சம் புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது இல்லாமல் ஸ்டேஷனை விட்டு வராதீர்கள். வாங்கவே மறுத்தால் புகாரை ஸ்பீட் போஸ்டில் எஸ்.பி.க்கு அனுப்புங்கள். எஃப்.ஐ.ஆர். பதிவானால், விசாரணை அதிகாரி 90 நாளுக்குள் விரிவான விபத்து அறிக்கையைத் தீர்ப்பாயத்துக்கும் இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் கொடுக்க வேண்டும் என்று 2022 மோட்டார் வாகன விதிகள் சொல்கின்றன. அந்த அறிக்கையையே இழப்பீட்டு மனுவாக எடுத்துக்கொள்ளவும் சட்டம் இடம் தருகிறது. நடைமுறையில் அதை மட்டும் நம்பி உட்கார்ந்திருக்கச் சொல்லமாட்டேன்.

எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை, வெறும் சுளுக்கு, ரெண்டு வாரத்தில் சரியாகிவிடும் என்று டாக்டர் சொன்னால் மகிழ்ச்சி. மருத்துவச் செலவையும், வேலைக்குப் போக முடியாத நாட்களின் கூலியையும் கணக்குப் போட்டு, கை முழுக்கக் குணமான பிறகு ஓனரிடமோ அவருடைய இன்சூரன்ஸ் கம்பெனியிடமோ பேசி வாங்கிக்கொள்ளலாம். ஒரு வக்கீலிடம் ஒருமுறை கன்சல்டேஷன் ஃபீஸ் கொடுத்து, கையெழுத்துப் போடுமுன் அந்தத் தாளைக் காட்டினால் போதும். வக்காலத்து தேவையில்லை.

எலும்பில் மயிரிழைக் கீறல் இருந்தாலும் கதை மாறிவிடுகிறது. எலும்பு முறிவு சட்டத்தின் பார்வையில் கொடுங்காயம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 164-ஆம் பிரிவின்படி, யார் மேல் தப்பு என்று நிரூபிக்காமலே கொடுங்காயத்துக்கு இரண்டரை லட்சம் ரூபாய் கேட்கலாம். 166-ஆம் பிரிவில் போனால் டிரைவரின் கவனக்குறைவை நிரூபிக்க வேண்டும், ஆனால் தொகைக்கு உச்சவரம்பு கிடையாது: மருத்துவச் செலவு, வலி வேதனை, வருமான இழப்பு, ஊனம், கூட இருந்து பார்த்துக்கொண்டவரின் செலவு எல்லாம் வரும். 164-இல் கொடுக்கிற தொகையை ஏற்றுக்கொண்டால் 166 மனு அத்தோடு போய்விடும். இரண்டில் எது அத்தைக்கு நல்லது என்று காயத்தையும் ஆவணத்தையும் பார்த்து முடிவு செய்வது வக்கீல் வேலை. அந்த இடத்தில் நீங்களே பார்த்துக்கொள்ளலாம் என்று நான் சொன்னால் அது உங்களுக்குச் செய்கிற துரோகம்.

அத்தையின் வருமானம் என்று ஒன்று இருக்கிறது என்பதே நிறைய வீடுகளில் யாருக்கும் தோன்றுவதில்லை. மத்தியானச் சோற்றுக்குப் பிறகு தட்டை மடியில் வைத்தால் சாயங்காலம் வரை கை ஓயாது. இலையை வெட்டி, தூளை வைத்து, உருட்டி, முனையை மடக்கி, நூலைச் சுற்றும்போது மொத்த வேலையும் விரலிலும் மணிக்கட்டிலும்தான் இருக்கிறது. அவர்களுக்குப் பீடிக்கடையில் பாஸ்புக் இருக்கும். எந்தத் தேதியில் எவ்வளவு இலை, தூள் வாங்கினார், எத்தனை பீடி போட்டார் என்று அதில் எழுதியிருக்கும். விபத்துக்கு முந்தின மாதங்களின் பக்கங்களையும், விபத்துக்குப் பிறகு வெறுமையாகக் கிடக்கிற பக்கங்களையும் நகல் எடுத்து வையுங்கள். பி.எஃப். சீட்டும் பீடித் தொழிலாளர் அட்டையும் இருந்தால் அவற்றையும் சேருங்கள். வீட்டில் சமைத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வதற்கும் பணமதிப்பு உண்டு என்று உச்ச நீதிமன்றம் பலமுறை சொல்லிவிட்டது, அதையும் மனுவில் கேட்கலாம்.

பேட்ஜ் விஷயத்தில் ஓனர் சொல்வது சரியில்லை. சாதாரண இலகுரக வாகன லைசென்ஸ் இருந்தாலே 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியும் ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2024 நவம்பரில் உறுதி செய்துவிட்டது. குட்டியானை அந்த எடைக்குள் அடங்கும். டிரைவருக்கு லைசென்ஸே இல்லை, அல்லது வண்டிக்கு இன்சூரன்ஸே இல்லை என்றால்தான் சிக்கல். அப்படி இருந்தால் எக்ஸ்ரேக்குக் காத்திருக்காமல் வக்கீலைப் பாருங்கள். வண்டி நம்பரை வைத்து எம்-பரிவாகன் செயலியில் இன்சூரன்ஸ் உயிரோடு இருக்கிறதா என்று நீங்களே பார்க்கலாம்.

மாட்டுக்குப் பிரேக் போட்டதால் தப்பு உங்கள் மேல் விழுமோ என்ற பயம் உங்கள் கடிதத்தில் தெரிகிறது. முன்னால் போகிற வண்டியிலிருந்து இடைவெளி விட்டு வருவது பின்னால் வருகிறவரின் கடமை. ஒரு பேச்சுக்கு உங்கள் மேலும் கொஞ்சம் தப்பு என்று தீர்ப்பாயம் சொன்னால்கூட அத்தைக்கு வர வேண்டியதில் குறையாது. அவர் வண்டியில் உட்கார்ந்து வந்தவர். இரண்டு டிரைவர்களின் தப்பால் காயப்பட்ட மூன்றாமவர் முழுத்தொகையையும் இருவரில் ஒருவரிடமே வசூலிக்கலாம் என்பது 2015 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு.

காலக்கெடுவை மறக்காதீர்கள். 2022 ஏப்ரல் முதல், விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மனு போட வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. அந்தக் கெடு செல்லுமா என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. அதை நம்பி நாளைக் கடத்த வேண்டாம். ஆறு மாதத்தைக் கடைசி வரம்பாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

முப்பது சதவீதக்காரரைப் பற்றி. வீடு தேடி வந்து கேஸ் கேட்பது வக்கீல்களுக்குத் தடை செய்யப்பட்ட காரியம். கிடைக்கிற இழப்பீட்டில் பங்கு பேசுவதும் இந்திய பார் கவுன்சில் விதிப்படி தடை. வந்தவர் வக்கீலாக இருந்தால் விதியை மீறுகிறார். புரோக்கராக இருந்தால் நாளைக்கு யாரிடம் உங்களை விற்பார் என்று உங்களுக்குத் தெரியாது. எழுதாத வக்காலத்திலோ, எழுதாத செக்கிலோ அத்தையைக் கையெழுத்துப் போட வைக்காதீர்கள். பேங்க் பாஸ்புக்கையும் ஏ.டி.எம். கார்டையும் யாரிடமும் கொடுக்காதீர்கள். பீடி சுற்றிச் சேர்த்த காசில் பங்கு கேட்க எவனுக்கும் உரிமையில்லை. சுற்ற முடியாமல் போன கைக்கு வருகிற காசும் அப்படித்தான்.

நல்ல வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லையே என்று நினைக்க வேண்டாம். பெண்களுக்கு, வருமானம் எவ்வளவாக இருந்தாலும், இலவச சட்ட உதவி பெற உரிமை உண்டு. 1987-ஆம் ஆண்டு சட்டம் அது. திருநெல்வேலி நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தாலும் வழி சொல்வார்கள். தனியாக வக்கீல் வைப்பதானால், ஃபீஸ் எவ்வளவு, எந்தெந்தக் கட்டத்தில், செலவு தனியா என்று முதல் நாளே கேட்டு எழுதி வாங்குங்கள். அப்படிக் கேட்டால் முகம் சுளிக்கிறவர் உங்களுக்கு வேண்டாம். வழக்குப் போட்ட பிறகும் மக்கள் நீதிமன்றத்தில் பேசி முடிக்க வாய்ப்பு வரும். அங்கே முடிந்தால் மேல்முறையீடு என்று யாரும் இழுக்க முடியாது. அதனாலேயே அங்கே ஒத்துக்கொள்ளும் முன் தொகையை நன்றாக யோசிக்க வேண்டும்.

கடைசியாக, அத்தை அந்த டிரைவர் பையனை நினைத்து இரக்கப்படுகிறாரே, அந்த மனசுக்கு நான் மதிப்புக் கொடுக்கிறேன். இதை அவரிடம் விளக்கிச் சொல்லுங்கள். இன்சூரன்ஸ் சரியாக இருந்தால் இழப்பீட்டை அந்தப் பையன் கொடுக்கப்போவதில்லை. கம்பெனி கொடுக்கும், அதற்காகத்தான் ஓனர் வருஷா வருஷம் பிரீமியம் கட்டுகிறார். பையன் மேல் வரக்கூடிய குற்றப்பிரிவுகள் ஜாமீனில் விடக்கூடியவை. கோர்ட்டுக்கு அலைச்சல் இருக்கும், அதை மறைக்கமாட்டேன். அபராதம் மட்டும் போடவும் சட்டத்தில் இடம் உண்டு. இவ்வளவையும் கேட்ட பிறகும் அத்தை வேண்டாம் என்றால் அது அவருடைய கை, அவருடைய முடிவு, வற்புறுத்தாதீர்கள். ஆனால் எக்ஸ்ரேயைப் பார்த்த பிறகு அந்த முடிவை எடுக்கட்டும். ஃபிலிம் கைக்கு வந்ததும் டாக்டர் என்ன எழுதியிருக்கிறார் என்று எனக்கு எழுதுங்கள்.